ஒரு கையில் இரண்டு காப்பு

பலா மரத்தில் ஏற வேண்டாமென்று அருணகிரிக்கு மூன்று பேர் சொன்னார்கள். ஊர் நாட்டாமை சின்னதம்பி சொன்னார். அவர் மனைவி செல்லியம்மாள் சொன்னாள். கட்டின மனைவி மங்கம்மாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டே சொன்னாள். சொல்லிக் கேட்கிற ஆளா அவன்? நாற்பத்திரண்டு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இளவட்டம் மாதிரி ஏறினான். பழமும் அவனும் ஒன்றாகத்தான் இறங்கினார்கள். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது.

இது நடந்தது எழுபத்தெட்டாம் வருஷம், ஆனி மாதக் கடைசியில். இடம் ஜவ்வாது மலைமேல் நெல்லிக்கொல்லை, முப்பது வீட்டு ஊர். அருணகிரியும் மங்கம்மாளும் மலைக்குக் கீழே படவேட்டுப் பக்கத்துக்காரர்கள். கல்லில் சாமி செய்கிறவர்கள். பிள்ளைகள் இரண்டையும் அவன் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, உளி மூட்டையோடு அடிவாரம் வரை பஸ்ஸில் வந்து, மிச்சத்தை நடந்தே ஏறி, இரண்டு மாதமாக அந்த ஊரில் தங்கிக் காளியம்மன் சிலை செய்துகொண்டிருந்தார்கள். உடம்பு முழுக்க முடிந்திருந்தது. முகத்தில் மங்கம்மாளின் பாதியும் முடிந்திருந்தது. அருணகிரியின் பாதிதான் பாக்கி. ஆடி முதல் செவ்வாய் அம்மனை நிறுத்த வேண்டும். அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

அவள் பாதி, அவன் பாதி என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கல்லைப் படுக்கப் போட்டு, சாமிக்கு வலப்பக்கம் அவன் உட்காருவான். எதிரே, இடப்பக்கம் அவள். அவனுக்குச் சுத்தியல் வலது கையில். அவள் பிறவி இடது கைக்காரி, அவளுக்கு இடது கையில். ஆக இரண்டு சுத்தியலும் சாமியின் கால் பக்கம், இரண்டு உளியும் தலைப் பக்கம். கொத்து இரண்டு புறமும் ஒன்றுபோல மோவாயிலிருந்து நெற்றிக்கு ஏறும். மூக்கின் மேல் வந்து வகிடு எடுத்த மாதிரி சேரும். இரண்டு பேரும் வலது கைக்காரர்களாக இருந்தால் ஒரு பக்கம் கொத்து ஏறும், மறுபக்கம் இறங்கும். என்னதான் தேய்த்து மழுப்பினாலும் சாய்வெயில் பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மங்கம்மாள் ஆலங்காயத்துப் பக்கம் அம்மி கொத்துகிற குடும்பத்துப் பெண். சாப்பாட்டை அடித்து அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டார்கள், சுத்தியலை மாற்ற யாராலும் முடியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார், “பீச்சாங்கைக்காரி தொட்ட செலைய எவன்டா கும்புடுவான்?” என்று அவளைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. ஒருநாள் கூலி ஆள் வரவில்லை. அவசர வேலை. அவளே போய் எதிரே உட்கார்ந்தாள். சாயங்காலம் மாமனார் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். “நாளைக்கும் அவளையே ஒக்கார வை” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன பாராட்டிவிட முடியும்?

அன்றிலிருந்து பதினேழு வருஷம். சாமியை நிறுத்துகிற அன்றைக்கு ஊர்ப் பெரிய மனிதர் புதுத்துணியை அருணகிரியின் தோளில் போடுவார். அருணகிரி செய்த சாமி என்று பேர் ஆகும். மங்கம்மாள் பின்னால் உளிகளைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருப்பாள். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். யாராவது விசாரித்தால், “சாமிக்கு வலப்பக்கம் என்னுது. கும்புடறவன் கண்ணு மொதல்ல வுழறது அந்தப் பக்கம்தான்” என்று வாயடிப்பான். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

நெல்லிக்கொல்லையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கல்லில் முதல் அடி விழுவதற்கு முன்னால் வேலை செய்கிறவர் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. அம்மனை நிறுத்திய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். காப்புக் கட்டாத கை அந்தக் கல்லில் ஓர் அடி அடித்தாலும் கல்லை ஓடையில் தள்ளிவிட்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று வருஷமாகக் காத்திருக்கிற ஊர் அது. பெருமழையில் மரம் சாய்ந்து பழைய சிலை இரண்டாகப் போய்விட்டது. அம்மன் நிற்காத ஊரில் தாலி கட்டுவதில்லை என்று மூன்று வருஷமாக மேளச் சத்தமே கிடையாது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் மட்டும் ஐந்து பேர். அவர்கள் தினமும் தண்ணீருக்குப் போகிற சாக்கில் வந்து, சிலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

காப்புக் கட்டிய அன்று மங்கம்மாளுக்குக் கொஞ்சம் உதறல்தான். மற்ற ஊர்களில் அவள் இடது கையைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். இங்கே சின்னதம்பி அவள் இடது கையைக் கேட்டு வாங்கி நூல் சுற்றினார். “பொம்பளைக்கு இந்தக் கையிலதாம்மா காப்பு. நீ வேல செய்யறதும் இதே கைதானாமே. அப்ப பொருந்திப் பூட்ச்சி” என்றார். அன்று இரவு அவள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனதை அருணகிரி அரைத் தூக்கத்தில் கேட்டான்.

இப்போது அவன் மணிக்கட்டு வீங்கிச் சுரைக்காயாகக் கிடந்தது. எலும்பு முறிந்தால் கட்டுக் கட்டுகிற ராஜாக்கண்ணு வந்து தொட்டுப் பார்த்தார். உளுத்தமாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவினார். மூங்கில் பத்தைகளை எடுத்து வைத்துக்கொண்டு நாட்டாமையைப் பார்த்தார்.

“நூலு சதைக்குள்ள போவுது. எடுக்காம கட்டு போட முடியாது.”

“காப்பு எறங்குன கை திரும்பக் கல்லுல அடிக்கக் கூடாதே” என்றார் சின்னதம்பி. குரலில் கோபமில்லை. அதுதான் அருணகிரிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“எடுங்க” என்றாள் மங்கம்மாள். “எங்கையில காப்பு இருக்குது இல்ல? நான் முடிக்கறேன்.”

இறக்கிய காப்பு அம்மன் நிற்கும் முன்னால் தரையில் படக்கூடாது. எங்கே வைப்பது என்று எல்லோரும் முழித்தார்கள். மங்கம்மாள் தன் இடது கையையே நீட்டினாள். சின்னதம்பி அதையும் அவள் மணிக்கட்டிலேயே கட்டினார். ஒரு கையில் இரண்டு காப்பு. அந்த ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அவள் அவனுடைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. வாய் மட்டும் தொங்கவில்லை. அங்கே கொஞ்சம் ஆழம், இங்கே கொஞ்சம் மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் கொத்தினாள். கன்னம் உருண்டு வந்தது. அவளுக்கே திருப்தியாக இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேற்கு மேட்டிலிருந்து வெயில் சரிந்து வந்து சிலையின் முகத்தில் விழுந்தது. இடது கன்னம் பளபளத்தது. வலது கன்னம் மங்கிக் கிடந்தது. ஒரே முகத்தில் இரண்டு பொம்பளைகள்.

யாரும் செய்யக்கூடிய தப்புதான் அது. அவர்கள் இருவர் மட்டும் செய்திருக்கக் கூடாத தப்பு. பதினேழு வருஷமாக ஊர் ஊராக எதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்களோ அதையே மறந்திருந்தார்கள். அவன் பக்கம் போய் உட்கார்ந்தால் அவளுடைய சுத்தியல் தலைப் பக்கம் போய்விடும், கொத்து மேலிருந்து கீழே இறங்கும். அவன் வாய் ஓயாமல் யோசனை சொன்னானே தவிர, இந்த ஒன்றைச் சொல்லவில்லை. அவளும் பதற்றத்தில் யோசிக்கவில்லை.

மங்கம்மாள் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பான்.

“ஏழு நாளு கீது” என்றான் கடைசியில்.

“ஏழு வருஷம் கீதுன்னாலும் எங்கை மாறாது மாமா. எனக்கு அந்தப் பக்கம் வராது.”

அன்றிரவு அருணகிரிக்குத் தூக்கம் வரவில்லை. கை வலி ஒரு பக்கம் இருக்கட்டும். தோளில் விழுந்த துணிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கண்ணமங்கலத்துப் பக்கம் பிள்ளையாருக்கு ஒரு சரிகை வேட்டி. அடிவாரத்தில் ஓர் ஐயனாருக்குப் பட்டுத் துண்டு. ஒவ்வொன்றிலும் பாதி அவளுடையது. அவள் ஒரு பொழுதும் கேட்டதில்லை. தப்பு செய்துவிட்டேனே என்று இருளில் கிடந்து நினைத்தான். அவள் எதிரே உட்காராமல் இருந்திருந்தால் நான் இன்னும் ஆட்டுக்கல்தான் கொத்திக்கொண்டிருப்பேன் என்றும் நினைத்தான். எழுப்பிச் சொல்லலாமென்று திரும்பினான். அவள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் மங்கம்மாள் கல்லுக்கு அருகே சும்மா உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருணகிரி வழக்கமான இடத்தில், சாமியின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தான். பழக்க தோஷம். கீழே கிடந்த புளியங்குச்சி ஒன்றை இடது கையில் எடுத்தான். அவனுக்கே தெரியாமல் அந்தக் கை குச்சியைக் கல்லின் மேல் சாய்த்துப் பிடித்து, மோவாயிலிருந்து கன்னத்தின் மேட்டுக்கு ஏறி, கண்ணின் கடையில் போய்ச் சற்று நின்று, திரும்பவும் கீழே வந்தது. மங்கம்மாள் அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மாமா.”

“இன்னா?”

“உனுக்கு ஒடஞ்சது சுத்திக் கைதான? உளிக் கைக்கு இன்னா கேடு வந்துச்சி? ரெண்டு நாளா மொத்த ஆளும் ஒடஞ்சவனாட்டம் எதிர்ல ஒக்காந்து யோசன சொல்லினு இருந்தியே!”

அவன் குச்சியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் பேச்சு வராதது அதுதான் முதல் தடவை என்று அவள் பிற்பாடு பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

யோசனை நல்லதுதான். உளியை அவன் இடது கை பிடிக்கும், சுத்தியலை அவள் இடது கை அடிக்கும். ஆனால் நாட்டாமை ஒப்ப வேண்டுமே. காப்பு இறங்கிய ஆள் கல்லுக்குப் பக்கத்தில் வரலாமா? ஊர் கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சின்னதம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஐந்து பெண்களும் குடத்தை இறக்காமலே நின்றார்கள். சரி, ஓடைக்குப் போகப் போகிறது கல் என்று அருணகிரி மனதை விட்டுவிட்டான்.

செல்லியம்மாள்தான் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள். “சாமிக்குச் சாமை இடிக்கறப்போ உலக்க போடறவளுக்குத்தான காப்பு கட்றோம்? உரல்ல தள்ளி வுடறவளுக்கா கட்றோம்? அந்தக் கையும் உரலுக்குள்ளதான போய்ட்டு வருது.”

ஒவ்வொரு பெண்ணும் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“அடிக்கறது காப்புக் கைதான்” என்றார் சின்னதம்பி மெதுவாக. “ஒன்னுக்கு ரெண்டு காப்பு வேற கீது. புடிக்கறது புடிக்கட்டும்.”

அப்படித்தான் பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் கல்லுக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் சாமியின் முகத்துக்கு நேரே. அவள் அவனை ஒட்டி, சாமியின் இடுப்புப் பக்கமாக, தலையைப் பார்த்தபடி. முதல் அடிக்கு ஓங்கிய சுத்தியலை அவள் இறக்கிவிட்டாள்.

“ஒம்மேல பட்டுடுச்சின்னா? இருக்கறது ஒரு கைதான் மாமா.”

“பட்டா படுது. அடி.”

அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் அடியோடு அவள் நிறுத்திவிட்டாள். அருணகிரி உளியைத் தூக்கித் தூசியை வாயால் ஊதினான். திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். மூன்று அடிக்கு ஒரு தரம் உளியை எடுத்து ஊதுவது அவன் வழக்கம். அவள் வழக்கம் நான்கு. அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே அப்படி ஒரு வழக்கம் இருப்பதை யோசித்ததும் இல்லை.

“உனுக்கு எப்டித் தெரியும்?”

“எதிர்ல ஒக்காந்து காது இல்லாமயா இருந்தேன்? உன்னுது மூணு, என்னுது நாலு. மூணுக்கு நான் வந்துக்கறேன். நீ ஊது.”

அவன் ஊதினான். கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டான். காற்று அந்தப் பக்கமே அடிக்கவில்லை.

தப்பாகக் கொத்திய கன்னத்தை ஓர் அரிசி கனம் இறக்க வேண்டியிருந்தது. அப்படியானால் மறுபக்கத்தையும் இறக்காமல் முடியாது. முடிந்துபோன தன் பாதியில், அழகாக உருண்டு நின்ற கன்னத்தில், மங்கம்மாள் போய்த் தனியாக உட்கார்ந்து ஓர் அரிசி கனம் எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தான் செய்ததில் ஒரு குறையும் இல்லாதபோது இன்னொருவருக்காக அதை மறுபடி கொத்துவதற்கு எவ்வளவு மனசு வேண்டுமென்று கல் வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். கோடி கும்பிடு போட வேண்டும் போல இருந்தது அவனுக்கு. ஒரு கையை வைத்துக்கொண்டு எங்கே கும்பிடுவது?

அடுத்த ஆறு நாளும் மலை முழுக்க ஒரே சத்தம். மூன்று அடி, ஒரு ஊதல். மூன்று அடி, ஒரு ஊதல். செல்லியம்மாள் மதியத்துக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவருவாள். மங்கம்மாள் வலது கையால் பிசைந்து அவனுக்கு ஊட்டுவாள். ஐந்து பெண்களும் அதைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசி நாள் சிலைக்குக் கண் திறந்தார்கள். இடது கண்ணை மங்கம்மாள் தனியாகவும், வலது கண்ணை இருவரும் சேர்ந்தும். சுத்தியல் ஒரு தடவைகூட அவன் விரலில் படவில்லை. அந்த மணிக்கட்டு பிற்பாடு கூடியது, ஆனால் பெரிய சுத்தியல் பிடிக்கிற பலம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு செய்த எல்லாச் சிலைகளையும் அவர்கள் இப்படி ஒரே பக்கம் உட்கார்ந்துதான் செய்தார்கள். அதற்காக அவன் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆடி முதல் செவ்வாய் அம்மனை நிறுத்தினார்கள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் மேளம் அடித்தது. கூட்டம் முகத்தைப் பார்த்தது. பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு முணுமுணுப்பு, அப்புறம் குலவை. அடிவாரத்துச் சாமிகளெல்லாம் கன்னம் உப்பி இருக்கும். இந்த அம்மனுக்கு ஓர் அரிசி கனம் ஒட்டிய கன்னம்.

“நம்ம ஊட்டுப் பொண்ணாட்டமே கீறாளே” என்று செல்லியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நீங்க நம்ம மூஞ்சியத்தான் பாத்துப் பாத்து செஞ்சிருக்கீங்க.”

தப்பை மறைக்கப் போய் வந்த கன்னம் அது என்று அருணகிரி வாயைத் திறக்கப் போனான். மங்கம்மாள் அவன் காலை மிதித்தாள்.

காப்பு அவிழ்க்கிற நேரம் வந்தது. எந்தக் கையிலிருந்து காப்பு இறங்குகிறதோ அந்தக் கையில் ஊர்ப் புதுத்துணியை வைக்க வேண்டும். சின்னதம்பி தட்டில் ஒரு வேட்டியும் ஒரு புடவையும் கொண்டுவந்திருந்தார். முதல் காப்பை அவிழ்த்து மங்கம்மாளின் இடது கையில் புடவையை வைத்தார். இரண்டாம் காப்பை அவிழ்த்தார். அதுவும் அதே கை. வேட்டியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், அருணகிரியைப் பார்த்தார். என்ன செய்வது என்று விளங்கவில்லை. அதற்குள் செல்லியம்மாள், “இன்னா செலைக்காரரே, உன் பக்கம் எதுன்னு இன்னிக்கு நீ சொல்லவே இல்லியே?” என்று சீண்டினாள். ஊரே சிரித்தது.

அருணகிரி சிரிக்கவில்லை. சிலையின் பக்கம் திரும்பினான். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“மொகத்துல எடப்பக்கம் முழுக்க அவளுது. வலப்பக்கத்துல பாதியும் அவளுது. எனக்கு மிஞ்சறது கால்வாசி மொகம். அந்தக் கால்வாசியும் அவ அடிக்கலன்னா இன்னிக்கு ஓடையில கெடக்கும். இத்தினி வருஷமா துணியெல்லாம் நான் வாங்கினு போய்ட்டேன். வேட்டியையும் அவ கையிலயே வைங்க. அவ கை செஞ்ச சாமி இது.”

மங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னதம்பி வேட்டியை அவள் இடது கையில், புடவைக்கு மேல் வைத்துக் கும்பிட்டார். ஊரும் கும்பிட்டது. அந்த ஊரில் யாரும் பீச்சாங்கை என்று சொல்லாத கை, நூல் இறுக்கிய தடம் இரண்டும் சிவந்து தெரிய, துணியை ஏந்திக்கொண்டு அப்படியே நீட்டியபடி இருந்தது.

பிறகு அவள் வேட்டியை மட்டும் எடுத்து, மடிப்புக் கலையாமல் அதே கையால் அவன் தோளில் போட்டாள்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்தத் தோளில் துணி போட்டிருக்கிறார்கள். எதையும் அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. இதை ஒற்றிக்கொண்டான்.